என்ன கலந்தீங்க

சோலை நகர், முத்தியால்பேட்டை, ஒரு டீ,
பிறகு வைத்திக்குப்பம்.
மூன்று சக்கர வண்டியில் எழுபது பாட்டில்,
அத்தனையும் கடற்கரைச் சாலைக்கு வந்தவர்கள்
குடித்துவிட்டுப் போட்டவை.
ஆரஞ்சு, எலுமிச்சை, கோலா.
அஞ்சலாட்சி ராத்திரி ஊறவைத்து
லேபிளை நகத்தால் சுரண்டுவாள்.

வெள்ளைப் பினாயில் போணியாகவில்லை.
ரோஜா நிறம் கலந்தது என் யோசனை.
அன்று மதியத்துக்குள் வண்டி காலி.
இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று
பார்ப்பவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
பைக் ஒன்று குறுக்கே மறித்து நின்றது.
சட்டைப் பட்டன் போடவில்லை, ஒரு காலில்தான் செருப்பு.
அடிக்கப்போகிறான் என்று
கைப்பிடியை விட்டுவிட்டு நின்றேன்.
உள்ளங்கையைத் திறந்தான்.
ஆரஞ்சு நிற மூடி.
"பாட்டில டாக்டர் வச்சிக்கிட்டாங்க.
எம்பொண்ணு குடிச்சிட்டா.
அண்ணே, இதுல என்ன கலந்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை.
பதினோரு வருடமாக விற்கிறேன்.
கேனில் வரும், ஒன்றுக்கு இருபது தண்ணீர்,
ஒரு மூடி சாயம்.
வேறென்ன தெரியும் எனக்கு?

கேனை மடியில் வைத்துக்கொண்டு
அவன் பின்னால் உட்கார்ந்து போனேன்.
சிக்னலில் நிற்கும்போதெல்லாம் திரும்பாமலே பேசினான்.
வாளி பக்கத்தில்தான் இருந்ததாம்.
குக்கரை இறக்க உள்ளே போனாளாம் அவன் மனைவி.
"ஞாயித்துக்கிழமை பொறந்தநாளு.
இதே மாதிரி பாட்டில்லதான்ணே
நானே ஊத்திக் குடுத்தேன், ஜூஸு."
பச்சை விழுந்தது.
பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தான்.

எதிர்வீட்டுக்காரி உப்புக் கரைசலோடு ஓடிவந்திருக்கிறாள்.
மாடியில் குடியிருக்கும் வேன் டிரைவர்தான்
டம்ளரைத் தட்டிவிட்டாராம்.
"வாந்தி எடுக்க வைக்காதீங்க,
திரும்ப ஏறும்போது நுரையீரலுக்குள்ள போயிடும்,
பாட்டிலையும் பிள்ளையையும் தூக்குங்க."

டாக்டர் சின்னப் பெண்.
கேனில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை
போனில் பெரிதாக்கிப் படித்தாள்.
எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள், சொன்னேன்.
என் கைக்கணக்கை ஒருவர் எழுதிக்கொண்டது
அதுதான் முதல் தடவை.

கட்டிலில் தன்விகா. இரண்டேகால் வயது.
மூக்கில் குழாய்.
அந்த வார்டு முழுக்க மருந்து நெடி,
அவள் முடியில் மட்டும் என் ரோஜா வாசனை.

அவள் அம்மா என்னைத் திட்டியிருக்கலாம்.
"நீங்க மணி அடிச்சா ஓடி வந்து
டாட்டா காட்டுவாளே, அவதான்" என்றாள்.
அடையாளம் சொல்கிறாள் எனக்கு.

மூன்றாம் நாள் பிஸ்கெட் கேட்டாளாம்.
போனில் சொன்னான்.

இப்போது புது பாட்டில். உள்ளே இருப்பது தெரியாத வெள்ளை,
அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும்,
கழுத்தில் மண்டையோடு.
சாயம் இல்லை. ஆறு ரூபாய் கூடுதல்.
"பழைய பாட்டில்லயே குடுப்பா" என்கிறார்கள்.
"எங்க வைப்பீங்க?" என்று கேட்கிறேன்.
"சிங்க்குக்குக் கீழதான், வேற எங்க?"
மேல் அலமாரியைக் கை காட்டினால் முகம் சுளிக்கிறார்கள்:
பினாயில் விக்கிறவன் வீட்டை ஒழுங்குபடுத்த வந்துட்டான்.
நேற்று ஒருத்தி, என் கண்ணெதிரிலேயே
பாதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி
பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.
பாதி வண்டி அப்படியே திரும்புகிறது.

கொல்லையில் இன்னும் நானூறு பழைய பாட்டில்கள்.
காயலான் கடைக்குப் போட்டால்
வேறொரு வண்டிக்காரன் வாங்கிக்கொள்வான்.
அதனால் ராத்திரியில் அடுப்பில் ஆணியைக் காயவைத்து
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டை போடுகிறோம்.
அஞ்சலாட்சி பிடித்துக்கொள்கிறாள், நான் குத்துகிறேன்.
பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றத்தில் இருவருக்கும் இருமல்.
எண்ணிக்கை விட்டுப்போகிறது.
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.